மச்சான் கை

கவிநிலாவை இரும்பு நாற்காலியில் உட்காரவைத்து, நீச்சல்காரர்கள் போடுகிற மாதிரியான கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டி, வாரைப் பின்மண்டையில் இறுக்கினான் செழியன். கண்ணாடியின் ஓரத்தில் சுண்டுவிரல் நுனியளவுக்கு ஒரு கேமரா. அதன் ஒயர் லேப்டாப்புக்குப் போனது. திரையில் தங்கச்சியின் வலது கண் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

கூடியிருந்த சனம் திரையைப் பார்க்க முண்டியடித்தது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை விட்டு உள்ளே தள்ளியிருந்த தகரக் கொட்டகை அது. பௌர்ணமிக்குக் கடை போடுகிறவர்கள் அடுப்பும் அண்டாவும் போட்டுவைக்கிற இடம். ஊரில் பஞ்சாயத்து என்றாலும் அங்கேதான். வெயில் தகரத்தில் காய்ந்து, உள்ளே எல்லோரும் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தார்கள்.

“எதிர்த் தூண்ல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன் பாரு. நான் தலைய எப்படித் திருப்பினாலும் அதையே பாக்கணும்.”

“பாக்கறேன். மெதுவா.”

“மெதுவா திருப்பினா தெரியாது.”

அவள் பின்னால் நின்று தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையை வலது பக்கம் வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டினான். திரையில் கண் ஸ்டிக்கரை விடாமல் நின்றது. மறுபடி வெட்டினான். நின்றது. பிறகு இடது பக்கம். கண் தலையோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போனது. போன பிறகு, பஸ்ஸைத் தவறவிட்டவன் ஓடுகிற மாதிரி, துள்ளி ஸ்டிக்கருக்குத் திரும்பி வந்தது. கவிநிலா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு உமட்டியது.

“இன்னாப்பா இது, தவ்வுது?” என்றார் ஏழுமலை. முன்பு ஊராட்சித் தலைவராக இருந்தவர். பதவி போய்விட்டாலும் ஊர் வழக்கெல்லாம் இன்னமும் அவரிடம்தான்.

“நாம நேரா நிக்கிறதுக்குக் காதுக்குள்ள ஒரு உறுப்பு இருக்குதுங்க. இவளுக்கு இடது பக்கம் அது செத்துப்போச்சு. தலை இடது பக்கம் திரும்புதுன்னு கண்ணுக்குச் சொல்ல ஆளில்ல. அதான் கண்ணு ஏமாந்து போயி, அப்புறமா ஓடியாருது.”

“நடிக்கிறா,” என்றான் கோபி. கவிநிலாவின் புருஷன். தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவன். கம்பத்தில் சாய்ந்துகொண்டு போனைத் தடவியபடி சொன்னான். “வூட்ல இதவிட நல்லா நடிப்பா.”

“நொண்டற மாதிரி நடிக்கலாம், மயங்கி வுழற மாதிரி நடிக்கலாம். கண்ணு இந்த வேகத்துல தவ்வறத எவனாலயும் நடிக்க முடியாது. வேணும்னா நீ வந்து உக்காரு, உன் கண்ணையும் பாத்துடலாம்.”

“எனுக்கு எதுக்கு மச்சான்? நான் இன்னா எலியா?”

கொட்டகை சிரித்தது. கோபியின் அண்ணன் புகழேந்தி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். நெல் மண்டியில் மூட்டை தூக்குகிற ஆள். மூட்டையே அவன் கழுத்தை உள்ளே அழுத்திவிட்ட மாதிரி தலை நேராகத் தோளிலிருந்து முளைத்திருக்கும்.

ஊரில் செழியனுக்குப் பெயரே எலி டாக்டர்தான். டாக்டர் பட்டம் வாங்கியவன் ஊசி போடமாட்டேன் என்கிறான், மாத்திரை எழுதமாட்டேன் என்கிறான், சென்னையில் உட்கார்ந்துகொண்டு எலிக்குத் தலைசுற்ற வைக்கிறான் என்றால் ஊர் வேறு என்ன பெயர் வைக்கும்?

அவன் செய்த வேலையும் அதுதான். காதுக்குள்ளே, பொட்டெலும்பின் நடுவில், நீர் நிரம்பிய மூன்று வளையங்கள் இருக்கின்றன. அவற்றின் அடியில் இரண்டு பைகள். தலை அசைந்தால் நீர் அசையும். நீர் அசைந்தால் உள்ளே மயிரிழை மாதிரி நிற்கிற செல்கள் சாயும். எந்தப் பக்கம் சாய்ந்தது என்ற சேதியை வைத்துத்தான் மனுஷன் நிற்கிறான், நடக்கிறான், தலையில் கூடையோடு ஏணி ஏறுகிறான். அந்த இழைகள் செத்தால் மறுபடி முளைக்குமா என்பதுதான் செழியன் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. கேட்பதற்கு முதலில் சாகடிக்க வேண்டும். எலியின் காதெலும்பைத் துளைத்து மருந்தை விடுவான். மறுநாள் காலையில் கூண்டில் எலி ஒரு பக்கமாகச் சுருண்டு கிடக்கும். வாலைப் பிடித்துத் தூக்கினால் பம்பரமாகச் சுற்றும். சில வாரம் கழித்து அதன் தலையை வெட்டி, உள்காதைத் தோண்டியெடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பான். அப்படி வெட்டிய தலைகளின் மேல் ஏறித்தான் ஜெர்மனிக்குப் போனான், திரும்பி வந்தான், அரசு நிறுவனத்தில் தனக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் பெற்றான். அவன் அதைப் பற்றி வெட்கப்படவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை.

அவனுடைய நைனா தசரதன் கிணறு வெட்டுகிறவர். பாறையில் துளை போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு மேலே ஏறி ஓடுகிற வேலை. ஐம்பது வயசுக்குள் இரண்டு காதும் போயின. கேட்பது மட்டும் போகவில்லை, நிற்பதும் போயிற்று. பகலில் கண்ணை நட்டு நடந்துவிடுவார். இருட்டினால் சுவரைப் பிடித்துக்கொள்வார். ஒரு விடியற்காலை வரப்பில் போகும்போது பிடிக்கச் சுவரில்லாமல் சாய்ந்து, கிணற்றுமேட்டுக் கல்லில் மண்டை பிளந்து செத்தார். குடித்துவிட்டு விழுந்தான் என்றது ஊர். அன்றைக்கு அவர் குடிக்கவில்லை. டவுன் காலேஜில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த செழியன், மனுஷன் எதனால் விழுகிறான் என்று புத்தகத்தில் தேடத் தொடங்கியது அந்தக் காரியம் முடிந்த பிறகுதான்.

இப்போது தங்கச்சி.

போன அமாவாசைக்கு முந்தின நாள், சார்ஜரை எங்கே வைத்தாய் என்று கோபி கேட்டான். இட்லிக்கு மாவு அள்ளிக்கொண்டிருந்த கவிநிலா, “கண்ணு தெரியலயா, டிவி மேலதான் கீது,” என்றாள். அவ்வளவுதான். உள்ளங்கையைக் குழித்து, அவள் இடது காதை மூடுகிற மாதிரி ஓர் அறை விட்டான். குழிந்த கை காதில் விழும்போது அதற்குள் சிக்கிய காற்றுக்குப் போக்கிடம் உள்ளே மட்டும்தான். செவிப்பறை கிழிந்தது. அதிர்ச்சி அதைத் தாண்டி வளையங்கள் வரைக்கும் போனது. காதில் ரத்தம் வழிய, மாவு அண்டாவைப் பிடித்துக்கொண்டு விழுந்தவள், அன்று முழுக்கத் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. வீடே ராட்டினம் மாதிரி சுற்றுகிறது என்று கத்தினாள். வாந்தியெடுத்தாள். மூன்றாம் நாள் எழுப்பி, மாமியாரின் டிபன் கடைக்கு அனுப்பினார்கள். அடுப்புக்கு முன்னால் திரும்பும்போது இடது பக்கம் சாய்ந்து, தோசைக்கல்லில் கையை ஊன்றிவிட்டாள். கல்லில் ஒட்டிக்கொண்ட தோலை மாமியார் தோசைத் திருப்பியால் சுரண்டி எறிந்துவிட்டு அடுத்த தோசையை ஊற்றினாள். அன்றைக்குத்தான் கவிநிலா, வெந்த கையோடு, வழியெல்லாம் கம்பத்தையும் சுவரையும் பிடித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

செழியன் சென்னையிலிருந்து நேற்று வந்தான். வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

“இத்தினி வருஷமா படிச்சியே ண்ணா. இத சரி பண்ணிடுவியா?”

“முடியாது.”

“எலிக்கு?”

“எலிக்கும் முடியல. கோழிக்கு மட்டும் அதுவா மொளைக்கும்.”

“அப்ப கோழியா பொறந்திருக்கணும். எப்பவோ ஒருத்தன் அறுத்துத் தின்னுட்டிருப்பான், இந்த ரோதனையே இல்ல.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்ததில் தலை அசைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா தனம் அழுதாள். செழியன் இருவருக்கும் விளக்கினான். ஒரு காது போனால் மூளை மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். பயிற்சி கொடுத்தால் சில மாதத்தில் நடப்பாள், வேலை செய்வாள். ஆனால் அதற்கு வலது காது முழுசாக இருக்க வேண்டும். அதிலும் ஒரு அடி விழுந்தால் பழகுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. நடக்கும்போது ஊரே குதிக்கும். இருட்டில் நிற்கவே முடியாது. நைனா மாதிரி.

“அந்த வூட்டுக்குத் திரும்பிப் போனா இன்னொரு அடி விழுமா, விழாதா?” என்று கேட்டான்.

கவிநிலா கையின் கட்டைச் சரிசெய்தாள். தனம்தான் சொன்னாள். “விழும்.”

நேரே வேங்கிக்காலுக்குப் போய் எஸ்.பி. ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றான். தனம் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் இந்த ஊரில் குடியிருக்க வேண்டியவள், முதலில் ஊரில் பேசு, கல்யாணத்தை அறுத்துவிடச் சொல்லிக் கேள், அவர்கள் தராவிட்டால் அப்புறம் போ என்றாள். அதனால்தான் இந்தக் கொட்டகை, இந்த நாற்காலி, இந்தக் கண்ணாடி.

ஏழுமலை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னொருக்கா காட்டு,” என்றார். செழியன் பதிவை ஓட்டினான். வலது பக்கம், நின்ற கண். இடது பக்கம், வழுக்கிய கண். பெரியவர் தன் பொடிமட்டையைத் திறந்து மூடினார்.

“கோபி. போன உள்ள வையி. இந்தப் பொண்ண காதுல அடிச்சியா இல்லியா?”

“புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒரு தட்டு தட்றதுதான். தட்டினா காது போயிடுமா? எங்கப்பன் எங்கம்மாவ அடிக்காத அடியா? அது இன்னும் டிவி சீரியல் பாத்துக்கினுதான் கீது.”

“அடிச்சியா?”

“அடிச்சேன்.”

பெரியவர்கள் நாலு பேர் தனியாக ஒதுங்கிக் குசுகுசுத்தார்கள். செழியன் ஒயரைச் சுருட்டினான். காரியம் பாதி முடிந்தது என்றுதான் நினைத்தான். இருபது வருஷத்தில் அவன் ஆராய்ச்சி முதல்முறையாக ஒரு மனுஷிக்குப் பயன்பட்டது என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

ஏழுமலை திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“தப்பு கோபி மேலதான். பாத்தாச்சு, ருசுவாயிடுச்சு. அதனால மச்சான் கை. செழியா, நீ வந்து அவன ஒரு அறை விடு. இந்தக் காதுல வேணுமா, கன்னத்துல வேணுமா, உன் இஷ்டம். தங்கச்சிய இன்னிக்கே அனுப்பி வச்சிடு. நாளைக்குப் பௌர்ணமி, கடைக்கு ஆள் வேணும்.”

செழியனுக்கு அந்த வழக்கம் தெரியாததில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டிலிருந்து, அவள் கூடப்பிறந்தவன் ஊர் முன்னால் புருஷனை ஓர் அடி அடிக்கலாம். புருஷன் கையைக் கட்டிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு வழக்கு தீர்ந்தது. பெண் அன்றைக்கே புருஷன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அப்புறம் என்ன நடந்தாலும் பிறந்த வீடு ஊரைக் கூட்ட முடியாது. ஒரு கல்யாணத்துக்கு ஒரு கைதான். அவன் அத்தை, தசரதனின் தங்கை, அப்படித்தான் போனாள். தசரதனும் கிணறு வெட்டுகிற கையால் மாப்பிள்ளையை மண்ணில் உருட்டினார். ஊரே விசிலடித்தது. ஒரு வருஷம் கழித்து அத்தை தாடை உடைந்து வந்தபோது, தசரதன் இதே பெரியவர்களின் அப்பன்மாரிடம் போய் நின்றார். உன் கையைத்தான் வச்சிட்டியே என்று அனுப்பிவிட்டார்கள். அத்தை அந்தக் கோணல் தாடையோடு அதே வீட்டில் சாகும்வரை கஞ்சிதான் குடித்தாள்.

“நான் அடிக்க வரலீங்க,” என்றான் செழியன். “அறுத்து வுடச் சொல்லித்தான் கேக்க வந்தேன். இவள அனுப்ப மாட்டேன்.”

“அடிக்காம எப்டிப்பா? தப்புக்குத் தண்டன வேணுமில்ல?”

“தண்டனய கோர்ட்டுல பாத்துக்கறேன்.”

“பாத்தீங்களா?” புகழேந்தி எழுந்தான். “மொதல்லயே சொன்னேன். இவனுக்கு ஊரு ஒண்ணும் வேணாம். படிச்ச திமிரு. எங்க தம்பி கையக் கட்டிக்கினு நிக்கிறான், இவனுக்கு அடிக்கத் தெம்பில்ல. எலிய அடிச்சே பழகினவன்.”

கோபி கம்பத்தை விட்டு நகர்ந்து வந்தான். செழியனுக்கு ஒரு முழ தூரத்தில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கன்னத்தை நீட்டினான். அவன் வாயில் பான் மசாலா வாசனை அடித்தது.

“அடி மச்சான். சீக்கிரம் அடிச்சிட்டு மெஷினெல்லாம் மூட்ட கட்டு. எனுக்கு லோடு கீது.”

“தள்ளிப் போ.”

“பயப்படாத. எலி கடிக்காது.”

“தள்ளிப் போன்னு சொல்றேன்.”

கோபி குரலைத் தாழ்த்தினான். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கிட்டத்தட்ட நட்பாகச் சொன்னான். “இன்னா மச்சான், ஒரு காதுக்கே இந்த ஆட்டமா? இன்னொண்ணு பாக்கி கீதே. அதுக்கு இன்னா மெஷின் கொண்டாருவ?”

செழியனின் கை போனது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது. விரல்களை ஒட்டி, உள்ளங்கையைக் குழித்து, கோபியின் இடது காதை முழுசாக மூடுகிற அடி. படாரென்று காகிதப்பை வெடித்த மாதிரி சத்தம். அடிக்கிற விதத்தை அவன் யோசிக்கவில்லை. இருபது வருஷம் எதை ஆராய்ந்தானோ அது தானாகவே கைக்கு வந்துவிட்டது. கோபி நின்ற இடத்திலேயே அரைச் சுற்று சுற்றி, காலுக்குக் கால் பின்னி, அடுப்புச் சட்டங்களின் மேல் விழுந்தான். அண்டா உருண்டது. எழப் பார்த்தவன் மறுபடி விழுந்தான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அந்த ரத்தத்துக்குள் கருவிழி இரண்டும் வெடுக் வெடுக்கென்று ஒரே பக்கமாக வெட்டி இழுப்பதை செழியன் பார்த்தான். பார்த்தபோது அவனுக்கு நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் அவனைப் பயமுறுத்தியது. இன்னொரு தடவை அடிக்கக் கை ஓங்கியும் விட்டான்.

ஏழுமலை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். சிரித்துக்கொண்டிருந்தார்.

“போதும் போதும். ஒரு கைதான். தசரதன் மவன் இல்லேன்னு எவன் சொல்லுவான்! முடிஞ்சுதுப்பா. எல்லாரும் பாத்துக்கினீங்க, மச்சான் கை வச்சிட்டாரு. கவிநிலா, எழுந்திரும்மா. பையெல்லாம் எடுத்துக்கோ.”

சனம் பெருமூச்சு விட்டுக் கலகலவென்று பேசத் தொடங்கியது. எவனோ விசிலடித்தான். அந்த விசிலில்தான் செழியனுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. அண்டாவுக்குப் பக்கத்தில் கிடந்த கோபி ரத்தப் பல்லோடு இளித்தான். அவன் அடியை விலைக்கு வாங்கியிருந்தான். விலைதான் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான்.

தனம் தலையில் அடித்துக்கொண்டாள். “பாவி, நீயே தள்ளிவுட்டியேடா! உன் நைனா உன் அத்தையத் தள்ளின மாதிரி இவளையும் தள்ளிவுட்டியே!”

“நான் அந்தக் கணக்குல அடிக்கலீங்க,” என்றான் செழியன். அவன் குரல் அவனுக்கே கேவலமாக இருந்தது. “அவன் கேட்டான், நான்... இது மச்சான் கை கிடையாது.”

“அப்ப இது இன்னா கை? ரவுடி கையா?” புகழேந்தி நெஞ்சில் நெஞ்சை வைத்து முட்டினான். “மச்சான் கைன்னா உன் தங்கச்சி இப்பவே நடக்கணும். இல்லேன்னா வா, போலாம் வேங்கிக்காலுக்கு. கவர்மெண்ட் விஞ்ஞானி எங்க தம்பி காத ஒடச்சான்னு நாங்களும் எழுதறோம். உன் வேலையும் பூடும், அவ கேசும் பூடும். ரெண்டு பக்கமும் அடி, ரெண்டு பேரும் சமாதானமாப் போங்கன்னு அனுப்புவான் போலீஸ்காரன்.”

அது உண்மை என்று செழியனுக்குத் தெரிந்தது. புகழேந்தி அவனைத் தாண்டிப் போய்க் கவிநிலாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தான். அவள் நாற்காலியோடு சரிந்தாள். இடது பக்கம்தான். தரையில் விழுந்தவள் கொட்டகைக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். வெந்த கையின் கட்டு அவிழ்ந்து, இளஞ்சிவப்புச் சதை தெரிந்தது. புகழேந்தி இழுத்தான். அவள் விடவில்லை. அவன் காலால் அவள் விரல்களை மிதித்தான்.

“நான் போகல!” என்று கத்தினாள். “அடிச்சது எங்கண்ணன், வாங்கினது உன் தம்பி. அவங்க ரெண்டு பேருக்கும் ராசியாயிடுச்சுன்னா அவங்க ரெண்டு பேரும் போயி குடும்பம் நடத்தட்டும். நான் எதுக்குடா நடுவுல?”

பின்னால் நின்ற பெண்கள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஏழுமலை முகம் சுளித்தார். “சிரிக்காதீங்க. கை வச்சாச்சு, பொண்ணு போகலேன்னா ஊருக்கு இன்னா மரியாத?”

“அப்ப அடியத் திருப்பிக் குடு!” புகழேந்தி செழியனைப் பார்த்துக் கத்தினான். “பொண்ணும் வராது, அடி மட்டும் உனுக்கு இலவசமா? திருப்பிக் குடுடா எங்க அடிய!”

கத்தியவன் கத்தலாகத்தான் சொன்னான். செழியன் அதைப் பிடித்துக்கொண்டான்.

“குடுக்கறேன்,” என்றான். “எடுத்துக்கோ.”

தனம் அழுகையை நிறுத்தினாள்.

“இன்னா சொல்றே?” என்றார் ஏழுமலை.

“அடிய திருப்பி வாங்கிக்கறேன். வாங்கிட்டா நான் கை வைக்கவே இல்லேன்னு ஆயிடும் இல்லீங்களா? வழக்கு பழையபடி நிக்கும். அவ எங்க வூட்ல இருப்பா. அவன் அறுத்து வுடுவான். கேசு கீசு ஒண்ணும் ரெண்டு பக்கமும் வேணாம். சரியா?”

ஏழுமலை மற்ற பெரியவர்களைப் பார்த்தார். ஒரு கிழவர், எங்க பாட்டன் காலத்தில் அப்படி ஒருத்தன் திருப்பி வாங்கினதாகக் கேள்வி என்றார். இன்னொருவர் தலையாட்டினார். ஏழுமலை கோபியைப் பார்த்தார். கோபி எழுந்து நிற்கப் போய், கம்பத்தைத் தவறவிட்டு, முட்டிபோட்டு வாந்தியெடுத்தான்.

“இவனால நிக்கவே முடியல. எங்கிருந்து அடிப்பான்?”

“நான் அடிக்கறேன்,” என்றான் புகழேந்தி. வேட்டியை மடித்துக் கட்டினான். “தம்பி அடி அண்ணனுக்கு இல்லியா?”

“ண்ணா, வேணாம்,” என்றாள் கவிநிலா தரையிலிருந்து. “நீ மெலிஞ்ச ஆளு. அவன் மூட்ட தூக்கறவன்.”

செழியன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தான். எதிரே நிற்கிறவனின் உள்ளங்கை கடப்பாரை பிடித்துக் காய்த்த நைனாவின் கையைவிடப் பெரிது. தலையை விரற்கடை தூரம் திருப்பினால் போதும், அடி காதில் விழாமல் தாடையில் விழும். பல் போகும், காது பிழைக்கும். அவனுக்கு அது எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தனக்கு நாற்பத்து நாலு வயசு. மூளை பழகிக்கொள்ளும் வயசைத் தாண்டவில்லை என்று ஒரு மூலையில் கணக்குப் போட்டான். ஆனாலும் கழுத்து தானாகவே மெல்லத் திரும்பியது.

புகழேந்தி அதைப் பார்த்துவிட்டான். இடது கையால் செழியனின் தாடையைப் பிடித்து, மூட்டையை நிமிர்த்துகிற மாதிரி நேராக நிமிர்த்தினான்.

“எந் தம்பிக்கு எங்க வச்சியோ, அங்கதான். அசையாத.”

அடித்தான்.

சத்தம் கேட்டது பாதிதான். மீதி வெள்ளையாக இருந்தது. பிறகு கொட்டகை கழன்றுகொண்டது. தகரக் கூரை சனத்தோடு, அண்டாவோடு, ஏழுமலையோடு ஒரே பக்கமாக ஓடியது, ஓடிக்கொண்டேயிருந்தது. தரை இடது பக்கத்திலிருந்து எழுந்து வந்து அவன் தோளில் மோதியது. இதைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதியிருந்தான், எத்தனையோ மேடைகளில் பேசியிருந்தான். ஒன்றிலும் இந்த பயம் இல்லை. பிடித்துக்கொள்ள உலகத்தில் ஒன்றுமே இல்லை என்கிற பயம். மண்ணை அள்ளிப் பிடித்தான். கழுத்தில் சூடாக ஏதோ இறங்கியது. வாந்தி வந்தது.

“சரிக்குச் சரி,” என்று ஏழுமலை எங்கிருந்தோ சொன்னார். “கணக்கு நேராயிடுச்சு. பொண்ணு தாய் வூட்டோட இருக்கட்டும். அறுத்துடுங்க.”

புகழேந்தி கையை உதறிக்கொண்டு, “போங்கடா எல்லாரும்,” என்றான்.

கவிநிலா கம்பத்தை விட்டாள். நடக்கவில்லை, தவழ்ந்து வந்தாள். அண்ணன் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்து, முந்தானையால் காதை அழுத்தினாள்.

“கண்ண மூடாத ண்ணா. மூடினா ஜாஸ்தியா சுத்தும். அந்த ஸ்டிக்கரப் பாரு. அதையே பாரு.”

“நிக்கல... ஸ்டிக்கரு நிக்கல.”

“நிக்காது. நீ பாரு.”

தனம் ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு பேரையும் எழுப்பி நிறுத்தினால் இரண்டு பேரும் இடது பக்கமே சாய்ந்தார்கள். கடைசியில் கவிநிலா வலது கையால் கம்பத்தையும் இடது கையால் அண்ணனையும் பிடித்துக்கொண்டாள். தனம் முதுகைத் தள்ளினாள். உதவிக்கு ஒருவரும் வரவில்லை, ஒருவரும் மறிக்கவும் இல்லை.

ஆட்டோவில் ஏறும்போது செழியன் தலையைத் திருப்பாமல், உடம்பு முழுவதையும் திருப்பிக் கொட்டகையைப் பார்த்தான். கோபி இன்னும் அண்டாவுக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். அவன் காதிலிருந்து வழிந்தது ரத்தம் மட்டுமில்லை, தண்ணீர் மாதிரியும் ஏதோ கலந்திருந்தது. மண்டைக்குள்ளிருந்து வருகிற நீர்.

“அவன... படுக்க வைக்கச் சொல்லு,” என்றான் செழியன், வாய் குழற. “தலைய ஒசத்தி. மூக்கு சிந்தக்கூடாது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு...”

கவிநிலா அவன் தலையைப் பிடித்து ஆட்டோவுக்குள் அமுக்கினாள்.

“வாய மூடிக்கினு உக்காரு,” என்றாள். டிரைவரிடம், “அண்ணே, மேடு பள்ளம் பாத்து போங்க,” என்றாள்.